மாவு, கொழுப்பு, உப்பு, தண்ணீர்

உங்கள் அம்மா பீச் பழத்தை மாவு ஓட்டுக்குள் வைத்துச் சுடுகிற பையில் ஒரே ஒரு குறைதான். மேலோடு கொஞ்சம் வறட்டென்று இருக்கும். அவளுக்குச் சூட்டுக் கை. சூட்டுக் கைக்காரி பிசைந்தால் கொழுப்பு உருகி மாவோடு மாவாகிவிடும். அடுப்பில் வைத்தால் ஏடு ஏடாகப் பிரியாது. அவள்மேல் தப்பில்லை, அது பிறவியில் வருவது. நீங்கள் ஷெரிஃப் அலுவலகத்தில் போலீஸாகச் சேர்ந்தபோது தேவாலயத்தில் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள். நானும் ஒரு துண்டு தின்றுவிட்டு நன்றாயிருக்கிறது என்றுதான் சொன்னேன்.

எனக்குக் குளிர்ந்த கை. என் அம்மாவுக்கும் அப்படித்தான்.

என் மருமகள் கோரின் உங்களிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கப் போவதில்லை. அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை. நீங்கள் கேட்பது லினெட்டைப் பற்றி. அறுவடை விருந்தில் செத்துப்போனாளே, என் மகன் வெண்டல் கட்டிக்கொள்ள இருந்த பெண். சொல்கிறேன். ஆனால் முதலில் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது.

நம் ஊரில் ஒருத்தி இன்னொருத்தியிடம் செய்முறை கேட்டால் மறுக்கக்கூடாது. மறுத்தால் மரியாதை இல்லை. அதனால் எல்லோரும் சொல்லுவார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லுவார்கள். கேட்கிறவளுக்கும் அது தெரியும். வீட்டில் போய்ச் செய்து பார்த்துவிட்டு, "உன்னோடது மாதிரி வரலையேடி" என்பாள். "உங்க அடுப்பு வேற, அதான்" என்று இவள் சொல்லுவாள். அதோடு விஷயம் முடிந்தது. உங்கள் அம்மா ஜாதிக்காயை விட்டுவிட்டுச் சொன்னாள். கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாய் போதுமாக இருந்தது.

என் ஆப்பிள் பையின் மேலோடு எப்படி என்று யார் கேட்டாலும் நான் சொல்லுவது ஒன்றுதான். மாவு, பன்றிக் கொழுப்பு, உப்பு, தண்ணீர். இதில் மூன்று உண்மை.

என் சிநேகிதி ஐடெல்லா ஒவ்வொரு வருஷமும் அறுவடை விருந்தில் கேலி பண்ணுவாள். "அந்தத் தண்ணிய மட்டும் ஒரு குடம் குடுத்துடேன் வெர்லா. எந்தக் கெணத்துல எறைக்கிறேன்னு கேக்க மாட்டேன்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த பெருமை அந்தச் சிரிப்புதான். என் கணவர் பெயர் சொல்லி யாரும் என்னை அடையாளம் காட்டியதில்லை. ஆப்பிள் பை வெர்லா என்றால் பக்கத்து மாவட்டத்திலும் தெரியும்.

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே நிற்கிற ஹிக்கரி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். இலையுதிர் காலத்தில் அதன் கொட்டைகள் விழும். கல் மாதிரி இருக்கும். உடைத்தால் உள்ளே பருப்பு கொஞ்சம்தான். அதைக் குடைந்தெடுக்க யாருக்கும் பொறுமை இல்லை, அணிலுக்கு விட்டுவிடுவார்கள். என் அம்மா குடைந்தெடுக்கவில்லை. ஓட்டோடு நசுக்கி, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டாள். ஓடு அடியில் தங்கும். மேலே வெள்ளையாகப் பால் நிற்கும். அதைத் துணியில் வடித்து, பனிக்கட்டியில் வைத்துக் குளிரவைத்து, தண்ணீருக்குப் பதில் மாவில் விட்டுப் பிசைவாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு துணுக்குப் பருப்பு பல்லில் அகப்படாது. வாயில் மட்டும் ஏதோ ஒரு வாசம் நின்று போகும், அது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது.

இதை அம்மா எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னாள், என் இரண்டு கையும் மாவுக்குள் இருக்கும்போது. ஒரு தலைமுறைக்கு ஒருத்தி, அதுதான் வழக்கம். அம்மா சாகக் கிடந்தபோது என் தங்கை ரொவீனா படுக்கையருகே உட்கார்ந்து, "எனக்கும் சொல்லும்மா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கேட்டாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடக்கம் முடிந்ததும் ரொவீனா ஊரைவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவள் எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

எனக்குப் பெண் பிறக்கவில்லை. அப்படியானால் மகனைக் கட்டிக்கொள்ள வருகிறவளுக்குத்தான் சொல்ல வேண்டும். வெண்டலுக்கு முப்பது தாண்டியும் ஒருத்தியும் அமையவில்லை. நான் காத்திருந்தேன்.

லினெட் கால்நடை மருத்துவரிடம் வேலை பார்த்தாள். நோயாளிக் கன்றுகளைத் தடவித் தடவி அவளுக்கு ஒரு நிதானம் வந்திருந்தது. முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்றிருந்தது. பை மாவுக்கென்றே படைத்த கை. அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷம் உண்மை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

சாப்பிட உட்காருவதற்கு முன்னால் அவள் சொன்னாள். "அத்தை, மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு நட்ஸ் ஆகாது. மரத்துல காய்க்கிற எந்த நட்ஸும் ஆகாது. கொஞ்சம் பட்டாலே தொண்டை அடைச்சுக்கும்."

"கொஞ்சம்னா எவ்வளவும்மா?" என்று கேட்டேன்.

"ஸ்பூன்ல ஒட்டிக்கிட்டிருந்தாலே போதும்."

மணிக்கட்டில் அதை எழுதிய பட்டை ஒன்று கட்டியிருந்தாள். ஹேண்ட்பேகிலிருந்து பேனா மாதிரி ஒரு ஊசியை எடுத்துக் காட்டினாள். "அப்படி ஏதாச்சும் ஆச்சுன்னா இதத் தொடையில அழுத்திக் குத்தணும். துணிக்கு மேலயே குத்தலாம். நீங்களும் கத்துக்கங்க அத்தை, நாளப்பின்ன நாம ரெண்டு பேர் மட்டும் வீட்ல இருப்போம்." மருந்தில்லாத பழகு ஊசி ஒன்றையும் வைத்திருந்தாள். அதைக் கொடுத்து என்னைச் செய்துகாட்டச் சொன்னாள். நான் சரியாகச் செய்தேன். "நர்ஸே தோத்துருவாங்க" என்றாள்.

அதற்கப்புறம் அவள் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மாவை வெறும் தண்ணீரில் பிசைந்தேன். பாத்திரங்களைத் தனியாகக் கழுவினேன். வெண்டல் ஒரு தடவை, "அம்மா, இன்னிக்கி மேலோடு என்னமோ மாதிரி இருக்கே" என்றான். "புது மாவுடா, வேற கம்பெனி" என்றேன். லினெட் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றாள். நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்களுக்கு இது வேறு மாதிரிப் படலாம். எனக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதுவே சாட்சி என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எழுதுங்கள்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு வெண்டல் சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தான். "அந்த ஹிக்கரி மரத்த சாச்சுடறேன்மா. நாளைக்கு ஒரு கொழந்த பொறந்து, அதுக்கும் இதே கோளாறு இருந்தா? முத்தத்துல பொறுக்கி வாயில போட்டுக்கிட்டா என்ன பண்றது?"

"மரம் என்னங்க பண்ணுச்சு? வேலி போட்டாப் போச்சு. அத்தை பொறந்ததுலேர்ந்து பாக்கற மரம்" என்றாள் லினெட்.

"சரி, அம்மாவுக்கு மரம் முக்கியமா மருமக முக்கியமான்னு அம்மாவே சொல்லட்டும்" என்று வெண்டல் சிரித்தான். லினெட்டும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பதில் நான் சொல்லவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் மரத்துக்காகப் பேசியவள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவளிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? அந்தப் பாலை அவள் தொட முடியாது. தொடாதவளுக்குச் சொன்னால் அது செய்தி, செய்முறை ஆகாது. அவள் இருக்கிறவரை இன்னொருத்தி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வரவும் முடியாது. என் அம்மா என்னிடம் கொடுத்தது என்னோடு மண்ணுக்குள் போய்விடும். வெண்டல் நல்ல பிள்ளை. ஒருத்தியைக் கட்டினால் கடைசிவரை அவளோடுதான் இருப்பான். இதெல்லாம் நான் துணி உலர்த்தும்போதும் கோழிக்குத் தீனி போடும்போதும் சாதாரணமாக நினைத்துக்கொண்டதுதான். இரவெல்லாம் தூங்காமல் புரண்டேன் என்று சொன்னால் பொய். நன்றாகத்தான் தூங்கினேன்.

அந்த வருஷத்து அறுவடை விருந்தில் ஐடெல்லா ஒரு புது ஏற்பாடு செய்திருந்தாள். லினெட் வரப்போகிறாள் என்று தெரிந்து, பல்குச்சிகளில் சிவப்புக் காகிதம் ஒட்டிக் குட்டிக் குட்டிக் கொடிகள் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். நட்ஸ் போட்ட பை எதுவோ அதில் ஒரு கொடி. தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நீள மேஜையைச் சுற்றி வந்து ஒவ்வொருத்தியாகக் கேட்டாள்.

உங்கள் அம்மா பெக்கான் கொட்டை போட்ட பை கொண்டுவந்திருந்தாள். அதற்கு ஒரு கொடி. இன்னும் இரண்டு மூன்றுக்குக் கொடி. பிறகு என்னிடம் வந்தாள்.

"உன்னோடதுல ஏதாச்சும் இருக்கா வெர்லா?"

"மாவு, கொழுப்பு, உப்பு, தண்ணி" என்றேன்.

"கேட்டதுக்கு மன்னிச்சுக்கம்மா, தாயே. மகாராணிகிட்டயே கேட்டுட்டேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த இடத்தில் நான் ஒரு கொடியை வாங்கி நட்டிருக்கலாம் என்கிறீர்கள். நட்டிருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் ஆண்பிள்ளை. கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். என் பையில் ஒரு பருப்பும் கண்ணுக்குத் தெரியாது. அப்படியானால் எதில் இருக்கிறது? மேலோட்டில். எப்படி? அங்கிருந்த கிழவிகளுக்கு வீட்டுக்குப் போகிற வழியிலேயே பிடிபட்டிருக்கும். அடுத்த ஞாயிறு ஊரில் எல்லா அடுப்பிலும் ஹிக்கரி கொதித்திருக்கும். வெறும் தண்ணீரில் பிசைந்த பை ஒன்றை அன்றைக்கு எடுத்துப் போயிருக்கலாமே என்றும் கேட்பீர்கள். விருந்துக்கு நான் ஒருநாளும் அப்படி எடுத்துப் போனதில்லை.

ஐடெல்லாதான் வெட்டினாள். வருஷா வருஷம் அவள்தான். ஒரே கத்தி, ஒவ்வொரு பையை வெட்டியதும் ஈரத்துணியால் துடைப்பாள். வெண்டல் வெளியே லாரியிலிருந்து மடக்கு நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தான். லினெட்டுக்கு ஒரு துண்டை நானே தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"நம்ம வீட்டுதுதானே அத்தை?" என்றாள்.

"நம்ம வீட்டுதுதான்" என்றேன்.

ஒரு வாய் தின்றாள். முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள். "கொஞ்சம் வேற மாதிரி இருக்கே" என்று மெதுவாகச் சொன்னாள். எதிரே ஐந்தாறு பெண்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருங்கால மருமகள் ஆப்பிள் பை வெர்லாவின் பையைத் தின்கிறாள், பார்க்காமல் இருப்பார்களா. "பிடிக்கலேன்னா வச்சுடும்மா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றேன், அவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல அத்தை" என்று இன்னொரு வாய் எடுத்துக்கொண்டாள். மரியாதை தெரிந்த பெண்.

பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். முகம் வீங்கியது. நாற்காலியிலிருந்து சரிந்தாள். ஊசி எங்கே, ஊசி எங்கே என்று எல்லோரும் கத்தினார்கள். ஹேண்ட்பேக் காரில் இருக்கும் என்று யாரோ சொல்ல, நாலு பேர் வெளியே ஓடினார்கள். வெண்டல் உள்ளே ஓடிவந்து மேஜைக்கு அடியில் தேடி எடுத்துக் குத்தியபோது நேரம் போயிருந்தது. ஆம்புலன்ஸ்காரர் என்ன தின்றாள் என்று கேட்டார். ஆப்பிள் பை என்றார்கள். அதில் ஒன்றும் கிடையாதே என்றும் அவர்களே சொன்னார்கள்.

மிச்சத் துண்டைச் சோதனைக்கு அனுப்பினீர்கள். பெக்கான் வகைக் கொட்டையின் சுவடு இருக்கிறது என்று பதில் வந்தது. ஹிக்கரியும் பெக்கானும் ஒரே குடும்பம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். உங்களுக்கு அதற்குமேல் யோசிக்கத் தேவைப்படவில்லை. பெக்கான் பை மேஜையிலேயே இருந்தது. ஐடெல்லா அதை வெட்டிய கத்தியால்தான் இதையும் வெட்டினாள். துணியில் சரியாகத் துடைக்கவில்லை என்று முடிவு கட்டினீர்கள். யாரும் அவளை ஒன்றும் பண்ணவில்லை. தெரியாமல் நடந்தது என்று எழுதி மூடினீர்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐடெல்லா என் வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லாத்தாண்டி தொடச்சேன் வெர்லா. எனக்கு ஞாபகம் இருக்கு. தொடச்சேனா இல்லையா, நீ பாத்தியா?"

"நான் கவனிக்கலையே ஐடெல்லா" என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இப்போது எவன்ஸ்வில்லில் மகள் வீட்டில் இருக்கிறாளாம். கத்தியைத் தொடுவதில்லையாம். தட்டில் இருக்கிற இறைச்சியைக்கூட மகள்தான் வெட்டிக் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளுக்கு ஏதாவது சொல்லியனுப்ப வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அவள் நன்றாகத்தான் துடைத்தாள். ஒவ்வொரு தடவையும் துணியை மடித்துப் புதுப் பக்கமாகத் துடைத்தாள். நான் பார்த்தேன். வேண்டுமானால் சொல்லுங்கள்.

வெண்டல் தேற ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. அவனுக்கு வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டேன். அப்புறம் கோரின் வந்தாள். கை கொஞ்சம் சூடுதான்; இருக்கிறதை வைத்துக்கொண்டுதானே ஓட்ட வேண்டும். போன வசந்தத்தில் கல்யாணம் ஆயிற்று. இந்த இலையுதிர் காலத்தில் கொட்டை விழ ஆரம்பித்ததும் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். மாவில் கை வைக்கச் சொன்னேன். அம்மா எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன்.

பாலை ஊற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், அவள் பிசையவில்லை.

"விருந்துக்கு எடுத்துட்டுப் போறதுலயும் இதானா அத்தை?" என்று கேட்டாள்.

"எப்பவும் இதான்" என்றேன்.

"அன்னிக்கும்?"

லினெட்டைப் பற்றி வெண்டல் அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. நான் அதை யோசிக்கவில்லை. நேரம் வந்தால் சொல்ல வேண்டும், சொன்னேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். அவள் கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். பிறகு காரை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அன்னியர் இருக்கிற இடத்தில் வைத்து எங்கள் செய்முறையை ஆதியோடந்தமாகச் சொல்லியிருக்கிறாள். உங்கள் தட்டச்சுக்காரி அதை அடித்து வைத்திருக்கிறாள். அந்தத் தாளை எத்தனை பேர் படிப்பார்கள்?

தெரிந்து செய்தீர்களா என்று மூன்றாவது தடவை கேட்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். ஹேண்ட்பேக் காரில் இருக்கும் என்று சொன்ன அந்த யாரோ நான்தான். அது மேஜைக்கு அடியில், என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் வார்மேல் என் கால் இருந்தது. லினெட் கீழே சரிந்து கையை நீட்டி அதை இழுத்தாள். நான் காலை எடுக்கவில்லை. ஊசியை எப்படிக் குத்துவது என்று விருந்துக்கு வந்தவர்களில் அவளைத் தவிர இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் வெளியே நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தான்.

ஆமாம். தெரிந்துதான்.

வெண்டல் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "என்ன ஆச்சு, யார் குடுத்தா, சொல்லு, சொல்லு" என்று கேட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோரினை இன்றைக்கு நினைத்துப் பார்க்கும்போது, எனக்குத்தான் ஆள் தெரியாமல் போய்விட்டது என்று தோன்றுகிறது. ரகசியம் காக்கத் தெரிந்த பெண் லினெட்தான்.